டீத்தூள் ஏன் நடுவில் சேர்கிறது?

குன்னூரில் ஒரு டீக்கடை. பால் ஊற்றாமல், கூடலூர்ப் பக்கம் சொல்வதுபோல் ஒரு கட்டன் வாங்கிக்கொள்ளுங்கள். வடிகட்டிக்குத் தப்பிய தூள் கிளாஸின் அடியில் கிடக்கும். ஸ்பூனால் நாலு சுற்று சுற்றிவிட்டு வெளியே எடுங்கள். சுற்றுகிற பொருள் ஓரத்துக்கு ஒதுங்கத்தானே வேண்டும்? தூளோ நடுவில் குட்டிக் குவியலாகக் கூடிவிடும். 1926இல் ஐன்ஸ்டைன் இதை விளக்கி எழுதினார். ஆறுகள் ஏன் வளைந்து நெளிகின்றன என்று சொல்ல அவருக்கு இந்த டீ தேவைப்பட்டது. இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்றான டொர்னாடோவின் காலடியில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

(நம் பத்திரிகைகளுக்கு வங்கக்கடல் புயலும் சூறாவளி, டொர்னாடோவும் சூறாவளி. புயலின் அகலம் பல நூறு கிலோமீட்டர். டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டரைத் தாண்டாது, நிமிடக்கணக்கில் முடிந்துவிடும்.)

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தரையோரமாக வரும். அதற்கு மேலே மேற்கிலிருந்து வேறொரு காற்று இன்னும் வேகமாக ஓடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்து மேல் கையை மட்டும் நகர்த்தினால் பென்சில் உருளும் அல்லவா, அப்படி நடுவிலுள்ள காற்று படுத்தவாக்கில் உருளும். இடிமேகத்துக்குள் ஏறுகிற வெப்பக்காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்திவிடுகிறது. மேகத்தின் வயிற்றில் சில கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழற்சி தயார். ஆனால் இப்படிச் சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்குவதே இல்லை. தரையோரச் சுழற்சியையும் மேலேறும் காற்று பிடித்து நீட்ட வேண்டும். நீண்டால் மெலியும், ஆரம் பாதியானால் வேகம் இரட்டிப்பாகும்.

இனி டீ. சுற்றுகிற டீயில் ஓரத்தில் அழுத்தம் அதிகம், நடுவில் குறைவு. உள்ளே தள்ளும் அழுத்தமும் வெளியே ஓடப் பார்க்கும் சுழற்சியும் மல்லுக்கட்டிச் சமமாக நிற்கின்றன. அடியில் மட்டும் கிளாஸ் உராய்ந்து டீயின் வேகம் குறைகிறது. சுழற்சி தளர்ந்துவிட்டது, அழுத்தம் தளரவில்லை. எனவே அடி டீ தூளையும் இழுத்துக்கொண்டு நடுவுக்கு நழுவுகிறது. அங்கிருந்து டீ மேலே ஏறிவிடும். கனத்த தூள் ஏற முடியாமல் உட்கார்ந்துவிடும்.

டொர்னாடோவுக்குத் தரைதான் கிளாஸின் அடி. தரை உராய்ந்தால் காற்று அடங்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. வேகமிழந்த காற்று மையத்துக்கு வெகு அருகே நழுவுகிறது. மேலே சுழலும் காற்றால் அவ்வளவு நெருங்க முடியாது. நெருங்கினால் வேகம் கூடும் என்பது முன்பு பார்த்த கணக்கு. ஆகவே உச்ச வேகம் மேகத்தருகே அல்ல, தரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள், வீடுகள் நிற்கும் உயரத்தில்தான். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் ரேடார் அளந்த வேகம் மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர்.

மையத்தில் அழுத்தம் எவ்வளவு குறையும்? 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னாடோவின் பாதையில் வைத்த கருவி 100 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) சரிவைப் பதிந்தது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியவர்களுக்கு இந்த அளவு பழக்கம்தான்: ஹில்குரோ ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கிட்டத்தட்ட இதே அளவு குறைந்திருக்கும், காது அடைத்திருக்கும். ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற வேலை அங்கே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

குன்னூர்ப் பக்கத்து மலைமுனையான லேம்ஸ் ராக்கில் நின்றால் சரிவேறி வரும் ஈரக்காற்று கண்முன்னே மஞ்சாக, அதாவது மூடுபனியாக, மாறுவதைப் பார்க்கலாம். மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிந்து குளிர்கிறது, ஈரம் துளியாகிறது. டொர்னாடோவில் மேகத்திலிருந்து தொங்கும் புனல் வடிவமும் இதே மஞ்சுதான். மலையே இல்லாமல், பக்கவாட்டில் சில நூறு மீட்டர் நகர்ந்தே மலையேறிவிட்ட காற்று அது.

ஆக, புனல் முடிகிற இடத்தில் சுழல் முடிவதில்லை. ஈரம் குறைந்த நாளில் புனல் பாதி வானத்திலேயே நின்றுவிடலாம். அதற்குக் கீழே வெறும் வெளிபோலத் தெரியும் இடத்தில் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது தரையில் சுற்றும் புழுதி மட்டும்தான்.