நிலப்போர்வை வேறு, நிலப்பயன்பாடு வேறு

மெய்ப்புத் திருத்த என்னிடம் வந்த வானிலைக் கட்டுரை ஒன்றில், ‘செயற்கைக்கோள் தரும் நிலப்பயன்பாட்டுத் தரவு’ என்ற தொடர் மூன்று இடங்களில் இருந்தது. மூலச்சொல் ‘லேண்ட் கவர்’. பல ஆண்டுகளாக நான் திருத்திவரும் பிழை இது.

‘கவர்’ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். முழுவதும் மூடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். தரையை மூடியிருக்கும் காடு, பயிர், நீர், கட்டடம் எல்லாம் அதில் அடங்கும். நிலத்தை மனிதன் எதற்கு வைத்திருக்கிறான் என்பதே பயன்பாடு.

தஞ்சைப் பகுதியில் ஒரு வயல், அடங்கல் என்னும் கிராம நிலப் பதிவேட்டில், ஆண்டு முழுவதும் நஞ்சைதான். மார்கழியில் அதை மூடியிருப்பது சம்பாப் பயிர். சித்திரையில் அங்கே இருப்பது வெடித்த களிமண். பயன்பாடு மாறவில்லை, போர்வை மாறிவிட்டது. பயிர் நிற்கும்போது வெயிலின் வெப்பத்தில் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிறது; வெற்று மண்ணில் அதே வெப்பம் நேரே காற்றைச் சூடாக்குகிறது. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிக்குத் தேவை இந்த வேறுபாடே. செயற்கைக்கோள் அளப்பதும் தரை திருப்பி அனுப்பும் ஒளியைத்தான். உழவரின் நோக்கம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலை மாதிரியில் ‘லேண்ட்யூஸ்’, அதாவது நிலப்பயன்பாடு, என்று பெயரிட்ட அட்டவணைக் கோப்பே உண்டு. ஆனால் அதைத் திறந்தால் ஒளி எதிரொளிப்பு, ஈரம், தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் சொரசொரப்பு நீளம் ஆகியவைதாம் இருக்கின்றன. அதிலுள்ள அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் நில வகைப்பாட்டில் நகரத்துக்குச் சொரசொரப்பு நீளம் 80 செ.மீ., நீர்ப்பரப்புக்கு 0.01 செ.மீ. கோப்பின் பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர், உள்ளே இருப்பதை ஒருமுறை படித்திருந்தால் ‘பயன்பாடு’ என்று எழுதியிருக்க மாட்டார்.

‘நில மூடாக்கு’ என்பாரும் உளர். செடியின் அடியில் வைக்கோலும் சருகும் பரப்புவதை உழவர்கள் மூடாக்கு என்றே சொல்கிறார்கள். வழக்கிலுள்ள சொல்லைப் பிடுங்கி வேறு பொருளில் நடுவது முறையன்று. ‘நில உறை’ என்பது பையைத்தான் நினைவூட்டுகிறது. போர்த்துதல் மேலிருந்து படிவது, பருவத்துக்கேற்ப மாறக்கூடியது. ஆகவே நிலப்போர்வையே பொருந்தும். வெறும் பாறையைப் போர்வை என்பதா என்று கேட்பவர்களுக்கு, வகைப்பாட்டில் அது ‘வெற்று நிலம்’, அதாவது போர்வையற்றது என்றே தனி வகையாக நிற்கிறது என்பேன்.

நகரமைப்புத் திட்டங்களில் குடியிருப்பு, தொழிற்சாலை என்று மனை பிரிக்கும் இடத்தில் ‘நிலப்பயன்பாடு’ சரியான சொல். இரண்டும் சேர்ந்து வரும் வரைபடங்களில் ‘நிலப்பயன்பாடும் நிலப்போர்வையும்’ என்று முழுமையாகவே எழுத வேண்டும். நீளம் கருதிப் பின்பாதியை வெட்டும் பழக்கத்தால்தான் அந்த மூன்று இடங்களிலும் நான் சிவப்பு மையைத் தொட நேர்ந்தது.