ஜெரிமாண்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

தொகுதிகளின் எல்லையை வரையும் அதிகாரம் கையில் இருப்பவர்கள், தங்கள் கட்சிக்கு வாகாக அதை வளைத்து வரைந்துகொள்வதற்கு ஆங்கிலத்தில் ஜெரிமாண்டர் என்று பெயர். இதன் முன்பாதி ஓர் ஆளின் பெயர், பின்பாதி ஒரு விலங்கின் பெயர்.

ஆள், எல்பிரிட்ஜ் கெர்ரி. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1810 முதல் 1812 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர். மாநில செனட்டின் (சட்டமன்ற மேலவையின்) தொகுதிகளை மாற்றியமைத்த சட்டத்துக்கு 1812 பிப்ரவரியில் ஒப்பமிட்டார். அதைக் கொண்டுவந்தது அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சி. எதிரணி, ஃபெடரலிஸ்ட் கட்சி.

கூத்து நடந்த இடம் பாஸ்டனுக்கு வடக்கே உள்ள எஸ்ஸெக்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது). அதுவரை கவுண்டி முழுவதும் ஒரே தொகுதி, 5 செனட்டர்கள், ஐவரும் ஃபெடரலிஸ்டுகள். புதிய சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது. பாஸ்டனை ஒட்டிய செல்சியில் தொடங்கி, கடலோரமாக லின், மார்பிள்ஹெட்டைச் சேர்த்துக்கொண்டு, உள்நாட்டில் ஆண்டோவர், மெத்யூன் வரை ஏறி, அங்கிருந்து மெரிமாக் ஆற்றோடு திரும்பி ஹேவரில், ஏம்ஸ்பரி வழியே மறுபடி கடலைத் தொடும் சால்ஸ்பரியில் முடிந்தது ஒரு தொகுதி. அந்த வளைவுக்குள் நியூபரிபோர்ட், இப்ஸ்விச், குளோஸ்டர் முதலிய ஃபெடரலிஸ்ட் ஊர்கள் அடைபட்டன. வளைந்த தொகுதிக்கு 3 இடம், அடைபட்டதற்கு 2. ஏப்ரல் தேர்தலில் கணக்குப் பிசகவில்லை: 3 கெர்ரி கட்சிக்கு, 2 ஃபெடரலிஸ்டுகளுக்கு.

தேர்தலுக்கு முன்பே, 1812 மார்ச் 26 அன்று, பாஸ்டன் கெஜட் இதழ் அந்த வரைபடத்துக்குத் தலையும் சிறகும் நகமும் வைத்துப் படமாக வெளியிட்டது. சாலமாண்டர் என்ற விலங்கோடு கெர்ரியை ஒட்டவைத்து அதற்குப் பெயரும் சூட்டியது. சாலமாண்டரைச் சிலர் பல்லி என்று எழுதுகிறார்கள். உருவம் பல்லிதான், ஆனால் அது தவளையின் உறவு, தோலில் செதில் கிடையாது.

மாநிலம் முழுவதும் பார்த்தால் ஃபெடரலிஸ்டுகள் பெற்ற வாக்கு 51,766, இடம் 11. கெர்ரி கட்சி பெற்றது 50,164 வாக்கு, 29 இடம். கெர்ரிக்கு இதனால் பயன் எதுவும் இல்லை. அதே தேர்தலில் ஆளுநர் பதவியை இழந்தார். ஆளுநருக்கு மாநிலமே ஒரு தொகுதி, அங்கே எல்லைக்கோட்டை வளைக்க முடியாதே! அவர் பெயரின் முதல் ஒலி 'தங்கம்' என்பதில் வரும் க. ஊர் வாயில் சொல் ஜ ஆகிவிட்டது. அவர் பிறந்த மார்பிள்ஹெட் அந்த வளைந்த தொகுதிக்குள்ளேயே இருந்தது தனி வேடிக்கை.

வேலை நடக்கும் விதத்தைச் சின்ன எண்களில் பார்க்கலாம். 50 வாக்காளர், தொகுதிக்கு 10 பேராக 5 தொகுதி. அ கட்சிக்கு 20 பேர், ஆ கட்சிக்கு 30 பேர். வரைகோல் அ கையில் இருந்தால், இரண்டு தொகுதிகளில் ஆ ஆட்களைத் தலா 9 பேராக அடைத்து, தன் ஆள் ஒருவரை மட்டும் விடும். மீதி மூன்றிலும் 6க்கு 4 என்று தனக்குச் சாதகமாகப் பிரிக்கும். 20 பேரை வைத்து 3 இடம்! ஒரே இடத்தில் திணிப்பது அடைத்தல், பல இடங்களில் தூவிவிடுவது சிதறடித்தல். இரண்டும் சேர்ந்தே நடக்கும். பேராசைப்பட்டால் கவிழும்: அந்த மூன்று தொகுதிகளில் தலா 2 பேர் மனம் மாறினால் போதும், 6க்கு 4 என்பது 4க்கு 6 ஆகி, ஐந்தும் ஆ கைக்குப் போய்விடும்.

இனி தமிழ்ச்சொல். 'தொகுதி மோசடி' பொருந்தாது. மோசடி என்றால் சட்டமீறல். இதுவோ சட்டம் இயற்றியே செய்யப்படுவது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வளைக்கப்பட்டது என்ற வழக்கைக் கூட்டரசு நீதிமன்றங்கள் தீர்க்க இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2019இல் சொல்லிவிட்டது. 'தொகுதி மறுவரையறை'யும் ஆகாது. அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி எல்லையைத் திருத்தும் பொதுவான பணி, நேர்மையாகவும் நடக்கும். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் எத்தனை இடம் என்ற சச்சரவு வேறு: அது மாநிலங்களுக்கிடையே எண்ணிக்கையைப் பகிர்வது. அதைத் 'தொகுதிப் பங்கீடு' என்றால் கூட்டணிப் பேச்சுவார்த்தை என்று படிப்பவர் நினைப்பார். 'இட ஒதுக்கீடு' என்றால் வேறு விவாதமே கிளம்பும்.

எங்கள் தேர்வு 'தொகுதித் திரிப்பு'. திரித்தல் என்பதில் முறுக்குவதும் உண்டு, உண்மையைப் புரட்டுவதும் உண்டு. 'தொகுதிகளைத் திரித்தார்கள்' என்று வினையாகவும் வரும். முதல்முறை எழுதும்போது பக்கத்தில் ஜெரிமாண்டர் என்று சேர்த்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

அமெரிக்கத் தேர்தல் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'செனட் மாவட்டம்' என்று எழுதாதீர்கள், அது செனட் தொகுதி. நம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ நிகரானது கவுண்டி. ஒரு தொகுதியின் பழைய முடிவுகளை அடுக்கும்போது, ஒவ்வொன்றும் எந்த வரைபடத்தின்படி நடந்தது என்று பாருங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறையாவது எல்லை மாறும்; தொகுதி எண் அதேதான், ஊர்கள் வேறாகியிருக்கும்.