திராட்லிங்: 'வெப்ப நெரிப்பு' வேண்டாமே

"செயலி 95 டிகிரியில் நெரிக்கப்படுகிறது." இந்த மாதிரி வாக்கியத்தை இன்னும் எத்தனை முறை படிப்பது? சூடு ஏறும்போது செயலி, அதாவது பிராசசர், தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் தெர்மல் திராட்லிங் என்று பெயர். அதை 'வெப்ப நெரிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் லேப்டாப்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறார்.

தொண்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது திராட்டில் என்ற சொல். முதலில் குரல்வளையை நெரிப்பது, பிறகு நீராவி இயந்திரத்தில் ஆவியைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. கணினிக்கு வந்தது அந்த வால்வுப் பொருள்தான். பைக்கில் திராட்டிலை முறுக்கினால் வண்டி சீறிக்கொண்டு போகிறது, அங்கே யார் கழுத்து நெரிபடுகிறது? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அதைத் தனித்தமிழ் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ் வேரில் இருந்தால் மட்டும் போதுமா, நடப்பதைச் சொல்ல வேண்டாமா?

நடப்பது இதுதான். சில்லுக்குள்ளேயே வெப்பநிலை உணரி இருக்கிறது. எல்லையைத் தொட்டதும், இன்டெலில் அது பெரும்பாலும் 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசனில் பல மாடல்களுக்கு 95, செயலி தன் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்கிறது, சூடு குறைந்ததும் பழையபடி ஏற்றிக்கொள்கிறது. தற்காப்பு. இதற்குப் போய் நெரிப்பா?

சிலர் 'வெப்பத் தணிப்பு' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது விசிறி செய்கிற வேலை, அதற்கு கூலிங் என்று தனிச் சொல்லே உண்டு. இங்கே தணிவது வேகம். காற்றின் வேகம் தணிந்தது என்று நாம் சொல்வதில்லையா? அதனால் வேகத்தணிப்பு. காரணமும் தெரிய வேண்டுமென்றால் முதல் தடவை 'வெப்பவழி வேகத்தணிப்பு' என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, '95 டிகிரி வெப்பம்' என்று எழுதுவதையும் நிறுத்தினால் நல்லது. டிகிரியில் அளப்பது வெப்பநிலை. வெப்பம் ஆற்றல், அதற்கு ஜூல்.

மிரட்டும் சொல்லைத் தேவையில்லாத இடத்தில் செலவழித்தால் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடம் தெரியாமல் போகிறது. சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி, கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ 80, 90 வரை போவது லேப்டாப்புக்குச் சகஜம், அந்த உச்சத்தில் கொஞ்சம் வேகத்தணிப்பு நடந்தாலும் தப்பில்லை. ஒன்றுமே ஓடாதபோது 80-ஐத் தாண்டி நின்றால், வேலையின் நடுவே பட்டென்று அணைந்துபோனால், அப்போது பாருங்கள்: விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், சூட்டைக் கடத்தச் செயலியின் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், மெத்தை மேல் வைத்துக் காற்று போகும் வழியை மூடியிருக்கலாம். டச்பேட் மேலே எழும்பி அடிப்பாகம் புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, குத்தாமல் அமுக்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.