இரண்டு கிளினிக், ஒரே உடம்பு

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் மாத்திரையைத் தவறாமல் போட்டு வந்தால், பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. நல்ல செய்திதான். ஆனால் வயது ஏற ஏற இவர்களைப் படுத்துவது பெரும்பாலும் இதயம், நுரையீரல், ஈரல். அதை இலங்கை மலையகத்தில் நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை.

எச்.ஐ.வி. மருந்துக்கு நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பஸ் ஏறுகிறார்கள். அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். பிரஷர், சீனி, சளி என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இந்த மாத்திரையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு. அதில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பயம் நியாயமானதுதான். லேபிளைச் சுரண்டி எடுத்த போத்தலைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகி வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த போத்தலில் இருப்பது அநேகமாக டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை. இரத்தக் குறைவுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்துப் போடலாம். இல்லாவிட்டால் எச்.ஐ.வி. மாத்திரையை இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மினை டொலுடெக்ராவிரோடு எடுத்தால் அதன் அளவு இரத்தத்தில் கூடிவிடும், அதனால் டாக்டர் டோஸைக் குறைக்க வேண்டி வரலாம். கொடுப்பவருக்கு விஷயமே தெரியாவிட்டால் எப்படிக் குறைப்பார்?

மலை ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். 'கேஸ்' என்று நினைத்துச் சப்பும் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். அதிலுள்ள மக்னீசியமும் அலுமினியமும் டொலுடெக்ராவிரைத் தடுக்கும், இதய வலியும் கவனிக்காமல் போய்விடும். வைரஸ் அடங்கினாலும் உடம்புக்குள் மெல்லிய அழற்சி நின்றுவிடுவதில்லை. அது இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 7,769 எச்.ஐ.வி. நோயாளிகள் இருந்தார்கள். பிட்டாவாஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகள் 35% குறைந்தன. 40 வயது தாண்டியவர்கள் தங்களுக்கு ஸ்டட்டின் எனும் இந்த வகைக் கொலஸ்ட்ரோல் மாத்திரை தேவையா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும்.

இருமலைப் பனியின் தலையில் போட்டுவிடுவது இங்கே வழக்கம். விறகு அடுப்புப் புகையும் பீடியும் நுரையீரலை அரிப்பது உண்மை. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கும் கணக்கு கிடையாது. இருமலோ காய்ச்சலோ, இரவு வியர்வையோ, மெலிவோ எது வந்தாலும் உடனே காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும்.

ஈரல் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை மஞ்சள் காமாலை பி, அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸ். எச்.ஐ.வி. மருந்துகளான டெனோஃபோவிர், லமிவுடின் இரண்டும் அந்த வைரஸையும் அடக்கி வைப்பவை. பி தொற்றும் உள்ளவர் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்தினால் ஈரல் திடீரென வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மேலே கசிப்பு என்ற கள்ளச்சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

லயத்துக்குச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. மருந்து எழுதும் டாக்டருக்கு மட்டும் சொல்லுங்கள். வாய் வராவிட்டால், மருந்துப் பெயர்களைக் கடிதமாக எழுதி உறையில் போட்டு ஒட்டித் தரும்படி எச்.ஐ.வி. கிளினிக்கில் கேளுங்கள். டிஸ்பென்சரியில் புதிதாக எதைத் தந்தாலும் அதன் அட்டையை அடுத்த தடவை எச்.ஐ.வி. கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.