கேரல்: சொல் விளக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரியின் கத்தோலிக்க வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “உங்க தெருவுக்கு கேரல்ஸ் என்னைக்கு?” என்பது. கேரல்ஸ் என்றால் இங்கே கிறிஸ்துமஸ் பாட்டும்தான், பாடிக்கொண்டு வரும் கூட்டமும்தான்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து போனது. அங்கே ‘கரோல்’ என்பது கைகோத்து வட்டமாக நின்று, பாடிக்கொண்டே ஆடும் ஆட்டம். ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். கும்மி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதற்கும் முந்தைய வேர் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆரம்பத்தில் கரோலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தம் இல்லை. காலப்போக்கில் ஆட்டம் உதிர்ந்து பாட்டு மட்டும் நின்றது, அது டிசம்பருக்கு என்றே ஆகிவிட்டது. பிரெஞ்சில் இப்போது கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வழங்கும் பெயர் ‘நொயேல்’. பண்டிகைக்கும் அதுவே பெயர். பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் பூசை கேட்ட கப்ஸ் கோயில் என்ற கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கும் புதுச்சேரியில் இந்தச் சொல்லும் புதிதல்ல.

சரி, எந்தப் பாட்டைக் கேட்டால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று தோன்றுகிறது? கடைகளில் ஓயாமல் ஒலிக்கும் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்டது. அதில் குழந்தை இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. பனியில் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிதான். குழந்தைகள் அதைப் பாடுவது எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அது கேரல் ஆகாது. 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் கிதாருடன் முதலில் பாடப்பட்ட ‘சைலன்ட் நைட்’ வேறு ரகம். அது தாலாட்டு நடை. மொழி தெரியாதவருக்கும் தொட்டில் தெரியும்.

என் கணக்கில் அதைவிட முக்கியமான ஒன்று, பாட்டு வாசலுக்கு வருவது. நெல்லித்தோப்புப் பக்கம் இரவு தெருமுனையில் டோலக் சத்தம் கேட்டதுமே வீட்டு விளக்குகள் எரியும். பாலன் இயேசு சுரூபத்தை ஒருவர் ஏந்தி நிற்பார், கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுப்பார். சின்னப் பிள்ளைகளுக்குச் சரணம் பாதிதான் தெரியும், பல்லவி வந்ததும் தொண்டை கிழியப் பாடுவார்கள். வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்வார். அந்த இடத்தில் பழைய கரோல் அப்படியே உயிரோடு இருக்கிறது. சுருதி பிசகாத ஒலிப்பதிவில் எனக்கு இது கிடைப்பதில்லை.

அப்புறம், தமிழில் என்ன சொல்லலாம்? ‘கிறிஸ்துமஸ் கீதம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கீதம் என்றதும் எழுந்து நின்று பாடும் விறைப்பு வந்துவிடுகிறது. ‘கீர்த்தனை’ என்றால் சீர்திருத்தச் சபையாரின் பாட்டுப் புத்தகம் நினைவுக்கு வரும். எல்லாக் காலத்துக்குமான பாடல்களும் அதில் உண்டு. பாட்டைக் குறிக்க ‘கிறிஸ்து பிறப்புப் பாடல்’ என்பதே பொருத்தம். நொயேலின் பொருளும் அதற்குள் இருக்கிறது. தெருத்தெருவாகப் போவதற்குப் ‘பாடல் பவனி’ என்பேன். தேர் பவனி என்று நாள்தோறும் சொல்பவர்கள்தானே நாம், பங்குக் கோயில் நோட்டீஸில் அப்படி அச்சடித்தால் யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை.