‘எகிறியது’ என்று எழுதும் முன்

செய்திப் பிரதிகளைத் திருத்தும் மேசையில் என் கண்ணில் அடிக்கடி படும் வினைச்சொற்களில் ஒன்று ‘எகிறியது’. விலையும் எகிறுகிறது, வெப்பமும் எகிறுகிறது, ரத்த அழுத்தமும் எகிறுகிறது. விரைந்து ஏறுவதைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லாதபோது எல்லா இடத்திலும் இந்த ஒன்றையே போடுவதால், படிப்பவரிடம் தகவல் பிழையாகப் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை.

எகிறுதல் என்றால் துள்ளி எழுதல். தரையில் அடித்த பந்து எகிறும். ஒரே நாளில் தாவிய விலைக்கு அந்தச் சொல் பொருந்தும்; மூன்று ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கூடிய விலைக்குப் பொருந்தாது. மட்டத்தால் அளப்பதற்கு ‘உயர்ந்தது’, எண்ணிக்கைக்கு ‘அதிகரித்தது’ அல்லது ‘கூடியது’, திரண்டு வருவதற்குப் ‘பெருகியது’ என்று நம் காதே பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளம் பெருகும்; ஆனால் வெப்பநிலை பெருகியது என்று யாரும் சொல்வதில்லை.

வேகத்தைக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் இரட்டைக்கிளவிகள் செய்கின்றன. மரத்தில் சரசரவென ஏறுகிறோம், கட்டடம் மளமளவென எழும்புகிறது, தீ குபீரெனக் கிளம்புகிறது (இது இரட்டிக்காத ஒலிக்குறிப்பு என்றாலும் இந்தக் குடும்பம்தான்). நடுக்கத்துக்கும் உரிய ‘கிடுகிடு’ விலையேற்றத்துடன் ஒட்டிக்கொண்டதில் எனக்கு மறுப்பில்லை, ஏனெனில் அதில் கலங்க வைக்கும் வேகம் கேட்கிறது. ஆனால் இவை எல்லாம் வேகத்தைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லா. ‘நீர்மட்டம் கிடுகிடுவென உயர்ந்தது’ என்ற வரியைப் படித்துவிட்டு, கரையோரத்தில் இருப்பவர் மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. ‘இரண்டு மணி நேரத்தில் நான்கு அடி உயர்ந்தது’ என்றால் முடியும்.

பெற்றோருக்கான ஒரு துண்டறிக்கையின் மொழிபெயர்ப்பு ஒருமுறை திருத்தத்துக்கு வந்தது. ‘பச்சிளங் குழந்தைக்குக் காய்ச்சல் எகிறினால் மருத்துவரிடம் செல்லவும்’ என்றிருந்தது. எவ்வளவு ஏறினால் எகிறியதாகக் கொள்வது? மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எகிறட்டும் என்று ஒரு தாய் காத்திருந்துவிடக் கூடாது என்பதால் வினையை நீக்கி எண்ணை எழுதினோம்.

எண்ணிலும் வழுக்கல் உண்டு. வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் ‘2 சதவீதம் உயர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள்; கூடியது 2 சதவீதப் புள்ளி (இரு சதவீதங்களுக்கு இடையிலான நேர் வித்தியாசம்), முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் 50 சதவீதம். 10 என்பது 20 ஆனால் ‘இரு மடங்கானது’ என்பதே ஐயமற்றது. ‘இரு மடங்கு அதிகரித்தது’ என்பதைச் சிலர் 30 என்றும் புரிந்துகொள்வார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் கண்டிப்பாகப் பார்ப்பது தன்வினை, பிறவினை வேறுபாட்டை. உயர்–உயர்த்து, ஏறு–ஏற்று, கூடு–கூட்டு என இணையிணையாகச் சொற்கள் இருப்பது, தானாக நடந்ததையும் ஒருவர் செய்ததையும் பிரித்துக் காட்டத்தான். வெயில் தானாக ஏறும், கட்டணம் தானாக ஏறாது. ‘உயர்த்தப்பட்டது’ என்று எழுதினாலும் செய்தவர் மறைந்தே நிற்கிறார். ‘கட்டணம் எகிறியது’ என்று அண்மையில் வந்த ஒரு பிரதியில், ஏற்றியது யார் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். செய்தியாளர் விசாரித்துவிட்டு, ‘நிர்வாகக் குழு கட்டணத்தை உயர்த்தியது’ என்று மாற்றிக் கொடுத்தார். அந்த வரியே அச்சேறியது.