தட்டைச் சாடியும் மாரி மழையும்: வன்னியில் பாலைவன ரோஜா பொன்சாய்

வன்னியில் பாலைவன ரோஜாவைப் பொன்சாயாக வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணி வெயிலை எண்ணியே அஞ்சுகிறார்கள். சோளகக் காற்று வீசி முற்றத்து மண் வெடிக்கும் நாட்களிலும் இச்செடி பூத்து நிற்கும். அதைக் கொல்வது ஐப்பசியில் தொடங்கும் மாரி. எனது முதற் கன்றை இழந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். வெளியே பச்சையாகத் தெரிந்த அதன் அடித்தண்டை விரலால் அழுத்தியபோது, உள்ளே எல்லாம் கூழாகியிருந்தது. அந்த அழுகலுக்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் இச்செடியை வளர்ப்பதில் பாதிக்கு மேல் கற்றாயிற்று என்று கருதுகிறேன்.

அடீனியம் ஒபீசம் என்னும் இத்தாவரம் சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலுள்ள ஆபிரிக்காவின் சாகெல் பகுதிக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் அரேபியத் தீபகற்பத்துக்கும் உரியது. யேமனில் தாவரங்களைத் தேடித் திரிந்து 1763 இல் அங்கேயே இறந்த பீற்றர் போர்ஸ்கால், இதை அலரியின் பேரினத்தில் சேர்த்து எழுதியிருந்தார். அவரது குறிப்புகள் 1775 இல் வெளியாயின. பேரினம் பின்னர் மாறினாலும் குடும்பம் மாறவில்லை. பூவின் அமைப்பில் மட்டுமன்றி நஞ்சிலும் இது அலரிக்கு உறவு: இதன் பாலில் இதயத்தின் துடிப்பைக் குழப்பும் கிளைக்கோசைட்டுகள் என்னும் நச்சுச் சேர்மங்கள் உள்ளன, ஆபிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவும் நஞ்சு இதிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே கொப்பு வெட்டிய பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். சிறுவர்களுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்திலேயே சாடியை வைக்க வேண்டும்.

எங்கள் காட்டுப் பாலை மரம் ஆழ வேரோடியும், தோல்போன்ற தடித்த இலைகளால் நீரிழப்பைக் குறைத்தும் கோடையைக் கடக்கிறது. பாலைவன ரோஜாவின் வழி வேறு. மழை கிடைக்கும் சில மாதங்களில் நீரை உறிஞ்சிப் பருத்த அடித்தண்டிலும் வேர்களிலும் சேமித்து, வறட்சி நீளும்போது இலைகளை உதிர்த்துவிட்டு அந்தச் சேமிப்பில் உயிர்வாழ்கிறது. சாகெலில் மழை பெய்வது ஆனி முதல் புரட்டாசி வரையான வெப்பமான காலத்தில். செடி வேகமாக வளர்வதும் அப்போதுதான். வன்னியிலோ மழையின் பெரும்பகுதி, ஆண்டின் குளிர்ந்த, முகில் மூடிய மாதங்களில் கொட்டுகிறது. செடிக்கு மிகக் குறைவாக நீர் தேவைப்படும் வேளையில் வானம் மிக அதிகமாகக் கொடுக்கிறது. நீர் நிறைந்த மண்ணில் ஒட்சிசன் குறைய, வேர்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அவற்றின் வழியே சேமிப்புத் தண்டுக்குள் ஏறுகின்றன.

பொன்சாய்ச் சாடியின் தட்டையான வடிவம் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. நீர் ஊற்றி, அடித்துளையால் வடிந்து முடிந்த பின்னரும் சாடியின் அடியில் ஒரு நிறைவுற்ற நீர்ப்படை எஞ்சும். மண்மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் மயிர்த்துளைத்தன்மையால் நீரைப் பிடித்துவைப்பதே இதற்குக் காரணம். அப்படையின் உயரத்தைத் தீர்மானிப்பது மணியின் பருமன். சாடியின் ஆழத்துக்கு அதில் பங்கில்லை. ஒரு மண் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீரைப் பிடிக்கும் என்று கொண்டால், 20 சென்ரிமீற்றர் ஆழச் சாடியில் வேருக்கு 16 சென்ரிமீற்றர் காற்றோட்டமுள்ள இடம் மிஞ்சும். 6 சென்ரிமீற்றர் தட்டில் மிஞ்சுவது 2 மட்டுமே. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டாக நிமிர்த்தினால் மீண்டும் நீர் வடியும். அதே ஸ்பொஞ்ச்தான், மாறியது உயரம் மட்டும்.

அடியில் சல்லியோ ஓட்டுத்துண்டுகளோ நிரப்பினால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். நுண்மண்ணில் உள்ள நீர், தனது அடிப்பகுதி முற்றாக நிறையும் வரை கீழுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. ஆகவே ஈரப்படை சல்லியின் மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். துளையை ஒரு துண்டு நுளம்பு வலையால் மூடினால் போதும்.

மாற்ற வேண்டியது மண்ணை. வயலில் நீரைத் தேக்கிவைக்கும் களிமண் நெல்லுக்கு வரம், இச்செடிக்கு ஆகாது. பழைய கூரையோட்டை இடித்தோ கிரவலை அரித்தோ, 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையான மணிகளைத் தூள் போகக் கழுவி எடுங்கள். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு உமிக்கரியும், அரைப்பங்கு நன்கு மக்கிய மாட்டெருவும் சேர்ப்பதே நான் பின்பற்றும் அளவு.

அழகான அடித்தண்டுக்கு விதைக்கன்றே சிறந்தது. தண்டுத்துண்டமும் வேர்விடும், ஆனால் அந்தப் பருத்த வடிவம் அதில் எளிதில் அமைவதில்லை. கொம்புகள்போல இரட்டையாகத் தொங்கும் காய்கள் வெடிக்குமுன் நூலால் கட்டாவிட்டால், இரு முனைகளிலும் குஞ்சமுள்ள விதைகளைக் காற்று கொண்டுபோய்விடும். ஏறக்குறைய ஓர் ஆண்டு வளர்ந்த கன்றை மாசி, பங்குனியில் பிடுங்கி, ஆணிவேரைத் தூய கத்தியால் வெட்டி, காயம் உலரும்வரை சில நாட்கள் நிழலில் வைத்து, பக்கவேர்களை விரித்து நடுங்கள். ஆணிவேர் இல்லாத நிலையில் சேமிப்பு பக்கவேர்களுக்குச் செல்ல, அவை கிடையாகப் பருக்கும். ஒவ்வொரு முறை சாடி மாற்றும்போதும் சற்று உயர்த்தி நட்டால் அவை மண்ணுக்கு மேலே தெரியத் தொடங்கும். நுனியை வெட்டுவதும் இவ்வாறே ஒரு திசைதிருப்பல்தான்: நுனிமொட்டிலிருந்து இறங்கும் ஒக்சின் என்னும் வளர்ச்சி ஓமோன் பக்கமொட்டுகளை அடக்கிவைத்திருக்கும், நுனி போனதும் அவை துளிர்க்கும். கம்பி மென்மையான பட்டையில் எளிதாகப் பதிந்துவிடுவதால், நான் நூல் கட்டியே கொப்புகளை வளைக்கிறேன்.

கோடையில் மேல்மண் காய்ந்ததும் தாராளமாக நீர் ஊற்றலாம். இலைகள் ஓரிரவில் காணாமற்போனால் அலரியைத் தின்னும் அந்துப்பூச்சியின் பருத்த பச்சைப்புழுவைத் தேடிக் கையால் அகற்றுங்கள். ஐப்பசி பிறந்ததும் சாடியைத் தாழ்வாரத்தின் கீழே, சாரல் படாமலும் வெளிச்சம் குறையாமலும் நகர்த்திவிட வேண்டும். அங்கே இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே நீர் ஊற்றாமல் அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அது கல்லுப்போல இருந்தால் செடி உறங்குகிறது. சற்றுச் சுருங்கியிருந்தாலும் மழை ஓயும்வரை காத்திருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் விரல் அமிழ்ந்தால், அன்றைக்கே பிடுங்கி, வெட்டுமுகத்தில் வெண்மையான சதை தெரியும்வரை அழுகலைச் செதுக்கி, உமிக்கரித் தூள் பூசி உலரவிடுங்கள்.